கீவேர்ட் யாருடைய சொல்?

புதுசா ஒரு ப்ளாக் தொடங்கிப் பார்த்தவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். எந்தத் தளத்துக்குப் போனாலும் தலைப்புக்கு ஓர் இடம், பதிவு எழுத ஓர் இடம், அப்புறம் ஓரத்துல ஒரு சின்னக் கட்டம் இருக்கும். லேபிள், டேக், கீவேர்ட் என்று அதுக்கு ஏதாவது ஒரு பெயர். அதுல என்ன போடுறது? பலபேர் தோணினதையெல்லாம் போடுவாங்க. சினிமா, அரசியல், சென்னை, வைரல்... நிறைய போட்டா கூகுள்ல முன்னாடி வரும்னு ஒரு நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு இருக்கு. ஒரு காலத்துல அது ஓரளவு உண்மையாவே இருந்தது. அது எப்படிப் பொய்யாச்சு, அந்தக் கதையில தமிழ் எங்க இருந்தது, இதைத்தான் இந்த எபிசோட்ல பேசப்போறோம்.

கீவேர்ட் இணையத்துல பிறந்த விஷயம் இல்லை. 1950-களின் இறுதி. அறிவியல் கட்டுரைகள் குவிஞ்சுக்கிட்டே போகுது, யாராலும் எல்லாத்தையும் படிக்க முடியலை. அப்போ ஐபிஎம் நிறுவனத்துல இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் ஒரு வழி கண்டுபிடிச்சார். ஒரு கட்டுரைத் தலைப்புல இருக்கிற ஒவ்வொரு முக்கியமான சொல்லையும் எடுத்து, அகர வரிசையில அடுக்கி, அந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும் தலைப்பின் மத்த பகுதியையும் சேர்த்து அச்சிடுறது. இந்த வேலையைக் கம்ப்யூட்டரே செய்யும். தேடுறவர் தன் மனசுல இருக்கிற சொல்லை வச்சே கட்டுரைக்குப் போய்ச் சேரலாம். அதாவது கீவேர்ட் என்பது வாசகருக்காக வந்த சொல்.

அடுத்த பெரிய அடி 1972-ல். கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த காரன் ஸ்பார்க் ஜோன்ஸ் ஒரு கேள்வி கேட்டார்: எல்லாச் சொல்லுக்கும் ஒரே எடையா? ஆயிரம் சமையல் குறிப்பு இருக்குன்னு வைங்க. ‘உப்பு’ன்னு தேடினா ஆயிரமும் வரும், பிரயோஜனம் இல்லை. ‘வாழைப்பூ’ன்னு தேடினா பத்து வரும், வேலை முடிஞ்சது. எத்தனை ஆவணங்களில் ஒரு சொல் வருதோ, அது கூடக்கூட அந்தச் சொல்லின் எடை குறையணும். இன்றைய தேடுபொறிகளுக்கு அடியில இந்த யோசனை இருக்கு. ஓரக் கட்டத்துல ‘சினிமா’ன்னு போடுறதால பெருசா எதுவும் நடக்காததுக்குக் காரணமும் இதுலயே இருக்கு. அது உப்பு மாதிரி.

இப்போ 1990-கள். 1995 டிசம்பரில் ஆல்டாவிஸ்டா வந்தது. வலைப்பக்கங்களில் இருக்கிற எழுத்தை முழுசா அட்டவணைப்படுத்தி வேகமா தேடிக் கொடுத்த தேடுபொறி அது. அந்தக் காலத்துல வலைப்பக்கம் செய்யறவங்களுக்கு ஒரு வசதி இருந்தது. பக்கத்தோட நிரலுக்குள்ள, படிக்கிறவர் கண்ணுக்குத் தெரியாம, ‘என் பக்கம் இதைப் பத்தி’ன்னு கீவேர்டுகளை எழுதி வைக்கலாம். இதுக்கு மெட்டா கீவேர்ட்ஸ் என்று பெயர். ஆல்டாவிஸ்டா, இன்ஃபோசீக் போன்றவை அதைப் படிச்சுக் கணக்கில எடுத்துக்கிட்டன.

அப்புறம் என்ன ஆகும்? நீங்க நினைக்கிறதுதான். மிக்ஸி விக்கிறவர் தன் பக்கத்துல பிரபல நடிகை பெயரை நூறு தடவை எழுதினார் என்கிற கதைதான். வெள்ளைப் பின்னணியில வெள்ளை எழுத்துல சொற்களை ஒளிச்சு வச்சாங்க. அடுத்தவங்க பிராண்ட் பெயரையே எடுத்துப் போட்டாங்க. 1997-ல் பிளேபாய் நிறுவனம், தன் பெயரை இப்படி ஒளிச்சு வச்ச ஒரு தரப்புக்கு எதிரா கலிபோர்னியா நீதிமன்றத்தில் தடை உத்தரவே வாங்கியது. வாசகருக்காகப் பிறந்த சொல், விற்பனையாளர் கைக்கு வந்துடுச்சு.

இந்தச் சமயத்துலதான் 1998-ல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் கூகுளைக் கொண்டுவந்தாங்க. அவங்க யோசனை எளிமையானது. உன்னைப் பத்தி நீ சொல்றது இருக்கட்டும், மத்தவங்க என்ன சொல்றாங்க? ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர், எவ்வளவு மதிப்புள்ளவங்க, இணைப்பு கொடுத்திருக்காங்கன்னு பார்த்தாங்க. அந்த இணைப்பு எந்தச் சொற்கள் மேல போட்டிருக்கோ, அந்தச் சொற்களையும் போய்ச்சேரும் பக்கத்தோட கணக்கில சேர்த்தாங்க.

அடுத்த ஆண்டே, 1999-ல், பைரா லேப்ஸ் என்ற சின்ன நிறுவனம் ப்ளாகர் தளத்தைத் தொடங்கியது. நிரல் தெரியாதவரும் கட்டத்துல எழுதி, பொத்தானை அழுத்தினா பதிவு வெளியாகிடும். 2003 பிப்ரவரியில் கூகுளே அதை வாங்கிடுச்சு. ப்ளாக் எழுதறவங்க ஒருத்தருக்கொருத்தர் இணைப்பு கொடுத்துக்கிட்டே இருப்பாங்க இல்லையா? கூகுள் மதிச்சதும் இணைப்பைத்தான். அதனால ப்ளாகர்கள் கையில பெரிய பலம் வந்தது.

அந்தப் பலத்தை விளையாட்டாவும் பயன்படுத்தினாங்க. 2003 இறுதியில் ‘படுதோல்வி’ என்று பொருள்படும் ஓர் ஆங்கிலத் தொடர் மேல எல்லாரும் சேர்ந்து இணைப்பு போட, கூகுள்ல அதைத் தேடினா அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் அதிகாரபூர்வ பக்கம் முதல்ல வந்தது. அந்தப் பக்கத்துல அந்தத் தொடரே கிடையாது! 2007 ஜனவரியில்தான் கூகுள் இதைச் சரிசெய்தது. இன்னொரு பக்கம், ப்ளாக் பின்னூட்டங்களில் விளம்பர இணைப்புகள் வெள்ளமா வந்தன. 2005 ஜனவரியில் கூகுள், யாஹூ, எம்எஸ்என் மூணும் ஒரு குறியீட்டை ஏத்துக்கிட்டன. ‘இந்த இணைப்பை என் சிபாரிசா எடுத்துக்காதே’ என்பது அதன் அர்த்தம். 2009 செப்டம்பரில் கூகுள் வெளிப்படையாவே சொல்லிடுச்சு: வரிசைப்படுத்த மெட்டா கீவேர்ட்ஸை நாங்க பயன்படுத்துவது இல்லை.

சரி, இத்தனை சண்டை நடந்தப்போ தமிழ் எங்க இருந்தது? சண்டைக்குள்ளேயே வரலைங்கிறதுதான் பதில்.

தொடக்க காலத் தமிழ்த் தளங்கள் பலதும் எழுத்துருவை நம்பி இருந்தன. பாமினி, டிஸ்கி, டாம், டாப் என்று ஆளுக்கொரு முறை. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்ற சொல் திரையில அழகா தெரியும். ஆனா கம்ப்யூட்டருக்குள்ள சேமிக்கப்பட்டது என்ன தெரியுமா? ஜே, கே, பி, ஓ என்ற நாலு ஆங்கில எழுத்து, ஓர் அரைப்புள்ளி. அவ்வளவுதான். தேடுபொறிக்கு அது எந்த மொழியும் இல்லாத குப்பை. கதை இருந்தது, கட்டுரை இருந்தது, செய்தி இருந்தது. ஆனா அந்தப் பக்கங்களில் தேடுபொறிக்குத் தெரிந்த ஒரு தமிழ்ச் சொல்கூட இல்லை.

1991-லேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைச்சிருந்தது. ஆனா அது பரவலா புழக்கத்துக்கு வர 2000-க்குப் பிறகு சில ஆண்டுகள் ஆச்சு. யூனிகோடும் இலவச ப்ளாக் தளங்களும் சேர்ந்தப்போதான் தமிழ்ப் பதிவுகள் தேடலில் கிடைக்க ஆரம்பிச்சது. 2004-ல் வந்த தமிழ்மணம் போன்ற திரட்டிகள் அந்தப் பதிவுகளை ஒரே இடத்துல காட்டின. யூனிகோடுக்கு மாற்றப்படாத பழைய பக்கங்கள்? இன்னைக்கும் தமிழ்ல தேடினா அகப்படாது.

இது முடிஞ்சுபோன கதைன்னு நினைக்காதீங்க. இன்னைக்குக் கவிதையைப் படமா போடுறோம், ஊர் வரலாற்றை ஸ்கிரீன்ஷாட்டா அனுப்புறோம். படத்துக்குள்ள இருக்கிற எழுத்து, பக்கத்துல தட்டச்சு செய்த எழுத்து மாதிரி சுலபமா தேடலுக்குச் சிக்காது. பாமினி காலத்துச் சிக்கலை நாமே திரும்பவும் உண்டாக்கிக்கிறோம்.

அதனால புதுத் தளம் ஒண்ணை முயற்சி பண்ணும்போது அந்தக் கீவேர்ட் கட்டத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க. எழுதினது எழுத்தாவே சேமிக்கப்படுதா, நாளைக்குத் தளம் மூடினா அதை வெளிய எடுக்க முடியுமா, இதைப் பாருங்க. அப்புறம், உங்க ஊர்க்காரர் ஒருத்தர் இதைத் தேடினா என்ன சொல்லைத் தட்டுவார்னு யோசிச்சு, அந்தச் சொல்லைத் தலைப்புலயும் முதல் பத்தியிலயும் இயல்பா எழுதுங்க. லூன் காலத்துல இருந்து கீவேர்ட் தேடுறவருடைய சொல்தான்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.