கீழ்நோக்கும் அச்சு: கணினி வரைகலையில் ஆயத்தொலைவு மரபுகளின் வரலாறு

முன்னுரை

கணிதத் தளத்தில் செங்குத்து அச்சின் மதிப்பு மேல்நோக்கிக் கூடுகிறது. பெரும்பாலான கணினித் திரைகளில் அது கீழ்நோக்கிக் கூடுகிறது. பாடநூல்கள் இவ்வேறுபாட்டை ஒரு மாற்றச் சூத்திரத்தால் கடந்துவிடுவதுண்டு. இது கணிதத் தேவையால் அன்றி, கருவிகளின் வரலாற்றால் விளைந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இரு மரபுகள்

ரெனே டேக்கார்ட் 1637-இல் வெளியிட்ட 'வடிவியல்' என்னும் பகுதியில், இன்று அவர் பெயரால் வழங்கும் ஈரச்சுத் தளம் முழுமையான வடிவில் இல்லை. அது பின்வந்தோர் வகுத்த வழக்கம். எனவே 'மேல்நோக்கிய நேர்த்திசை' என்பதும் ஓர் உடன்பாடே ஆகும்.

1963-இல் ஐவன் சதர்லாந்து உருவாக்கிய 'ஸ்கெட்ச்பேட்' மின்னணுக் கற்றையைத் திரையின் வேண்டிய இடத்திற்கு நேரே செலுத்தியது. அங்கு வரிசைக் கட்டாயம் எழவில்லை. தொலைக்காட்சியின் வழிவந்த திரையிலோ கற்றை இடமிருந்து வலமாகவும், வரிவரியாக மேலிருந்து கீழாகவும் நகர்கிறது. நினைவகமும் அவ்வரிசையிலேயே படிக்கப்பட்டதால், முதற் படப்புள்ளி மேல் இடது மூலைக்கு உரியதாயிற்று. 1973-இல் ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் உருவான 'ஆல்டோ' கணினியின் 606 × 808 புள்ளித் திரை இம்மரபினது.

அச்சுப் பக்கத்தை விவரிக்க 1984-இல் அடோபி வெளியிட்ட 'போஸ்ட்ஸ்கிரிப்ட்' மொழி, மாறாக, ஆதிப்புள்ளியைக் கீழ் இடது மூலையில் வைத்தது. 1992-இல் வந்த 'ஓப்பன்ஜிஎல்' நூலகமும் அவ்வாறே செய்தது.

மாற்றமும் விளைவும்

1920 × 1080 திரையின் நடுவில் கணித ஆதிப்புள்ளி இருப்பதாகக் கொள்வோம். திரையின் கிடை மதிப்பைப் பெறக் கணிதக் கிடை மதிப்புடன் 960 கூட்டப்படும். செங்குத்து மதிப்பைப் பெற 540-இலிருந்து கணிதச் செங்குத்து மதிப்பு கழிக்கப்படும். இதன்படி (100, 200) என்னும் புள்ளி (1060, 340) ஆகிறது.

கீழ் இடது மூலையிலிருந்து எண்ணிய படப்புள்ளி வரிசையை மாற்றும்போது கழிக்க வேண்டிய எண் 1080 அன்று, 1079 ஆகும். எண்ணிக்கை 0-இல் தொடங்குவதே காரணம். 1080-ஐக் கொண்டால் 0-ஆம் வரிசை திரைக்கு வெளியே விழும்.

இம்மாற்றம் ஒரு பிரதிபலிப்பும் ஆகும். ஆகவே இடஞ்சுழிச் சுழற்சி வலஞ்சுழியாகிறது. முனைகளின் சுற்று வரிசையைக் கொண்டு முக்கோணத்தின் முன்பக்கத்தைத் தீர்மானிக்கும் நிரல்களில், முன்பக்கம் பின்பக்கமாகக் கருதப்பட்டு வரையப்படாமல் போகலாம்.

முடிவுரை

சூத்திரத்திலுள்ள கழித்தல் குறி, கற்றையின் நகர்வையும் அச்சுப் பக்கத்தின் வடிவியலையும் இணைக்கும் இடமாகும். ஆதிப்புள்ளி எங்கே, அச்சு எத்திசையில் என்பவற்றைச் சூத்திரத்திற்கு முன்னரே குறிப்பிடுவது வரைகலைக் கல்விக்கு இன்றியமையாதது.