தேதி தந்தவர்களும் நிதி தந்தவர்களும்

ஊர்தோறும் இயங்கும் கட்டற்ற மென்பொருள் குழுக்களுக்கு நாடளாவிய அமைப்பு எப்படிக் கைகொடுக்கலாம்? இத்தாலியின் 'இத்தாலியன் லினக்ஸ் சொசைட்டி'யும் நம் நாட்டின் 'ஃபாஸ் யுனைடெட்'டும் இதற்கு வெவ்வேறு விடை தருகின்றன.

இத்தாலிய அமைப்பு 1994-இல் தொடங்கியது. 2001 முதல் ஆண்டுதோறும் 'லினக்ஸ் டே' கொண்டாடுகிறது. அக்டோபர் நான்காம் சனிக்கிழமை என்பது பல ஆண்டுகளாக நிலைத்த வழக்கம். மையத்தின் வேலை தேதி குறிப்பது, பொதுச் சுவரொட்டி தயாரிப்பது, எந்த ஊரில் எங்கே நடக்கிறது என்று பட்டியலிடுவது. மற்றதெல்லாம் ஊர்க்காரர்கள் பொறுப்பு. ஓர் ஊரில் ஆசிரியர்களுக்கு லிப்ரேஆபீஸ் சொல்லித்தரலாம்; இன்னோர் ஊரில், விண்டோஸ் தாங்காத பழைய மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வருபவருக்கு அங்கேயே உட்காரவைத்து லினக்ஸ் நிறுவிக் கொடுக்கலாம். ஆனால் நுழைவு இலவசமாக, எல்லோருக்கும் திறந்ததாக இருந்தே தீரவேண்டும். சில ஆண்டுகளில் நூறு ஊர்களுக்கு மேல் ஒரே நாளில் நடந்திருக்கிறது. பத்துப் பேர் மட்டுமே உள்ள சிற்றூர்க் குழுவுக்கும் அன்று ஒரு நாடே பின்னால் நிற்கிறது.

ஃபாஸ் யுனைடெட் 2020-இல், ஜெரோதா, ஃபிராப்பே நிறுவனங்களின் ஆதரவோடு உருவானது. இதன் பலம் பணம். மென்பொருள் திட்டங்களுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் நிதி தருகிறது. 'இந்தியாஃபாஸ்' மாநாடு நடத்துகிறது. சென்னை, மும்பை போன்ற நகரங்களில் தன்னார்வலர்கள் அதன் பெயரில் சந்திப்புகளை நடத்துகிறார்கள். கைக்காசைப் போட்டே நிகழ்ச்சி நடத்திப் பழகியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது தெரியும். எனினும் கொடுப்பவர் மனம் மாறினால் நின்றுவிடக்கூடிய உதவி இது.

சென்னை லினக்ஸ் பயனர் குழுவை இங்கே நினைக்க வேண்டும். 1998 முதல் இயங்கும் அது, மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமைகளில் ஐஐடி வளாகத்தில், விண்வெளிப் பொறியியல் துறையின் ஒரு வகுப்பறையில் கூடிவந்தது. விழுப்புரத்தில் ஞாயிறுதோறும் கிராமப்புற மாணவர்களுக்குப் பயிற்சி தரும் குழுவும் அப்படித்தான். மாறாத கிழமை, பூட்டப்படாத ஓர் அறை, முகம் சுளிக்காமல் சொல்லித்தரும் சிலர். இவ்வளவும் இருந்தால் குழு பிழைத்துக்கொள்கிறது.

அதனால் இத்தாலியர் வழியையே முதலில் வைப்பேன். நிதி அதற்கு அடுத்தது. பணத்தால் நிகழ்ச்சி பெரிதாகும், மாதாந்திரச் சந்திப்பு அதனால் மட்டும் நிலைக்காது. நாம் புதிதாகத் தேதி தேடவும் வேண்டாம்: உலகெங்கும் கொண்டாடப்படும் மென்பொருள் விடுதலை நாள், செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை, ஏற்கெனவே இருக்கிறது. அந்த நாளுக்கு மாநில மொழிகளில் சுவரொட்டியும், அரங்கம் கேட்டுக் கல்லூரி முதல்வருக்குக் கொடுக்க அமைப்பின் கடிதத்தாளில் ஒரு கடிதமும் ஒவ்வோர் ஊர்க் குழுவுக்கும் கிடைக்கட்டும். இதைச் செய்யும்படி தேசிய அமைப்புகளைக் கேட்டுக்கொள்கிறேன்.