ஒரே மணிக்கு இரண்டு அறைகள்

1997இல் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் மோடம் கார்டு போட்டோம். மகள் அமெரிக்காவில் நிறைமாதம். ஐ.எஸ்.டி.யில் அடிக்கடி பேசக் கட்டுப்படியாகாது, மின்னஞ்சல்தான் வழி. ஆனால் மோடம் நம்பரைச் சுழற்றத் தொடங்கியதும் மவுஸ் உறைந்துவிடும். மோடம் விற்றவர், "மோடத்தில் குறையில்லை, கம்ப்யூட்டரைப் பாருங்கள்" என்றார். கம்ப்யூட்டர் விற்றவர், "எங்கள் மெஷின் நன்றாக இருக்கிறது, மோடத்தை மாற்றுங்கள்" என்றார். இப்படியே பத்து நாள் போயிற்று. மனைவி தினமும் என் முகத்தைப் பார்ப்பாள்.

இருவர் சொன்னதும் உண்மை என்பது பிறகுதான் புரிந்தது.

அந்தக் கால அலுவலகங்களில் அதிகாரி தன் அறையில் மணியை அழுத்துவார். வெளியே பலகையில் அந்த அறையின் எண்ணுக்கு விளக்கு எரியும். பியூன் எழுந்து போவார். கம்ப்யூட்டரும் அப்படித்தான். கீபோர்டு, மவுஸ், பிரிண்டர் ஒவ்வொன்றும் தனக்கான மணியை அடித்து பிராசஸரைக் கூப்பிடும். அந்த மணிக்கு ஐ.ஆர்.கியூ. என்று பெயர்.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். வெளியிட்ட பி.சி.யில் இந்த வேலையைச் செய்தது இன்டெல் 8259 என்ற சில்லு. அதில் எட்டே மணிகள், 0 முதல் 7 வரை. 0 கடிகாரத்துக்கு, 1 கீபோர்டுக்கு, 6 பிளாப்பிக்கு, 7 பிரிண்டருக்கு. 1984இல் வந்த பி.சி. ஏ.டி.யில் இரண்டாவது சில்லையும் சேர்த்தார்கள். இரண்டையும் இணைக்க ஒரு மணி போக, பதினைந்து மிஞ்சின. ஆனால் சீரியல் இணைப்புகளை 3, 4 என்ற பழைய எண்களிலேயே விட்டுவிட்டார்கள். பழைய மென்பொருள்கள் ஓட வேண்டுமே! பின்னாளில் காம் 3, காம் 4 என்று கூடுதல் இணைப்புகள் வந்தபோது அவையும் இதே இரண்டு மணிகளைத்தான் பங்கு போட்டுக்கொண்டன. காம் 1, காம் 3 இரண்டுக்கும் மணி 4. காம் 2, காம் 4 இரண்டுக்கும் மணி 3.

ஐ.பி.எம். தன் பி.சி.யின் சர்க்யூட் படங்களையே அச்சிட்டு வெளியிட்டதால் யார் வேண்டுமானாலும் கார்டு செய்ய முடிந்தது. விலை இறங்கியது, பி.சி. உலகெங்கும் பரவியது. ஆனால் எந்தக் கார்டுக்கு எந்த மணி என்று பங்கிட்டுத் தர ஆளில்லை. கார்டில் ஜம்பர் என்ற சிறு பிளாஸ்டிக் மூடியை இடம் மாற்றி நாமேதான் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

1987இல் ஐ.பி.எம். தன் பி.எஸ்./2 வரிசையில் மைக்ரோ சேனல் என்ற புது அமைப்பைக் கொண்டுவந்தது. ஜம்பர் தேவையில்லை, ஆனால் பழைய கார்டுகள் அதில் பொருந்தா. சந்தை ஏற்கவில்லை. 1992இல் வந்த பி.சி.ஐ. அமைப்பில் இரண்டு கார்டுகள் ஒரே மணியைப் பகிர முடிந்தது. 1995இல் விண்டோஸ் 95, கார்டைச் சொருகினால் போதும், எண்ணை நானே ஒதுக்குகிறேன் என்றது. பழைய கார்டுகளுக்கு அந்தப் பாஷை தெரியாது. "சொருகிவிட்டுச் சாமி கும்பிடு" என்ற பொருளில் அமெரிக்கர்களே கேலி செய்தார்கள். 1998 ஏப்ரலில் சிகாகோ கண்காட்சியில், பில் கேட்ஸ் மேடையில் நிற்கும்போதே, விண்டோஸ் 98இல் ஸ்கேனரைச் சொருகிக் காட்டினார்கள். திரை நீலமாகி நின்றுவிட்டது. அரங்கமே சிரித்தது.

எங்கள் வீட்டுக்குக் கடைசியாக வந்தவர் பக்கத்துத் தெருப் பையன். எந்தப் பாகத்தையும் மாற்றச் சொல்லவில்லை. புதிதாகச் சேர்த்தது எது என்று கேட்டான். மோடத்தைக் கழற்றினான், மவுஸ் ஓடியது. "மவுஸ் காம் 1, மோடம் காம் 3. ரெண்டும் ஒரே நம்பர்ல உக்காந்திருக்கு சார்" என்றான். ஜம்பரைப் பிடுங்கி, காலியாக இருந்த 5க்கு மாற்றினான். விண்டோஸிலும் அந்த எண்ணைத் திருத்தினான். இருபது நிமிட வேலை.

அன்று இரவு மகளின் கடிதம் திரையில் வந்தது. நான்கு நாள் முன்பே எழுதியிருக்கிறாள். பேத்தி பிறந்திருந்தாள்.

இன்று ஜம்பரும் இல்லை, மணி எண்ணை நினைவில் வைக்கும் வேலையும் இல்லை. ஆனால் வீட்டில் எது மக்கர் செய்தாலும், கடைசியாகச் சேர்த்ததை முதலில் கழற்றிப் பார்க்கும் பழக்கம் எனக்கு அந்தப் பையனிடமிருந்து வந்தது.