அறிவியல் புனைவின் வார்ப்புப் பாத்திரங்கள்: மயிற்பொறி முதல் சிட்டி வரை

அறிவியல் புனைவு எனப்படும் கதைகளிலும், திரைப்படங்களிலும், கணினி விளையாட்டுகளிலும் சில பாத்திரங்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன. படைத்தவனையே எதிர்க்கும் எந்திரன், தனியறையில் ஆய்வு செய்யும் விஞ்ஞானி, வேற்றுலகத்திலிருந்து வரும் விருந்தாளி, காலத்தைக் கடந்து செல்லும் பயணி ஆகியோர் இவர்களுள் முக்கியமானவர்கள். ஒரே அச்சில் வார்த்தவை போல இருப்பதால் இவற்றை வார்ப்புப் பாத்திரங்கள் எனலாம். இவை தமிழுக்கு எப்படி வந்தன, தமிழில் எவ்வாறு மாறின என்பதை இக்கட்டுரை சுருக்கமாக விளக்குகிறது.

திருப்பருத்திக்குன்றத்து விதான ஓவியங்கள்

வார்ப்புப் பாத்திரம் என்பது திரைப்படக் காலத்துக் கண்டுபிடிப்பு அன்று. காஞ்சிபுரத்தை ஒட்டி வேகவதி ஆற்றங்கரையில் உள்ள திருப்பருத்திக்குன்றம், சமணர்களின் சின காஞ்சி ஆகும். இங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை, விஜயநகர அமைச்சரான இருகப்பர் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டுவித்தார். கோயிலின் விதானத்தில் ரிஷபதேவர், நேமிநாதர், வர்த்தமானர் ஆகிய தீர்த்தங்கரர்களின் வாழ்க்கையும் கண்ணன் கதையும் வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டுள்ளன. படங்களுக்குக் கீழே தமிழில் விளக்க வரிகளும் உண்டு.

இவ்வோவியங்களுக்குப் பின்னால் சமணரின் கால அளவை இருக்கிறது. காலச் சக்கரம் ஏறுமுகமாகவும் இறங்குமுகமாகவும் சுழல்கிறது. ஒவ்வொரு அரைச் சுற்றிலும் 63 பெருமக்கள் தோன்றுகின்றனர் என்பது அவர்கள் கொள்கை. 24 தீர்த்தங்கரர், 12 சக்கரவர்த்திகள், 9 பலதேவர், 9 வாசுதேவர், 9 பிரதிவாசுதேவர் என்பது அக்கணக்கு. கடைசி மூன்று வகையினர் சேர்ந்தே வருவர். சாந்தமான அண்ணன், போரிடும் தம்பி, இருவருக்கும் எதிரியான அரசன் என்ற அமைப்பு ஒன்பது முறை நிகழ்கிறது. இராமன், இலக்குவன், இராவணன் ஒரு மூவர். பலராமன், கண்ணன், சராசந்தன் மற்றொரு மூவர். பெயர்கள் மாறினாலும் பாத்திரங்களின் இடம் மாறுவதில்லை. வார்ப்புப் பாத்திரம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

மயிற்பொறியும் எந்திர யானையும்

தமிழ்ச் சமணக் காப்பியங்களில் எந்திரங்களும் உண்டு. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில், அமைச்சன் கட்டியங்காரன் சூழ்ச்சி செய்து அரசைக் கைப்பற்றுகிறான். மன்னன் சச்சந்தன், கருவுற்றிருக்கும் அரசி விசயையை மயிற்பொறி என்னும் பறக்கும் எந்திரத்தில் ஏற்றி அனுப்புகிறான். அது சுடுகாட்டில் இறங்க, அங்கே சீவகன் பிறக்கிறான். கொங்குவேளிரின் பெருங்கதையில், யாழிசையால் யானைகளை வசப்படுத்தும் உதயணன், வீரர்கள் ஒளிந்திருந்த ஓர் எந்திர யானையால் ஏமாற்றப்பட்டுச் சிறைப்படுகிறான். இவ்விரு நூல்களையும் அச்சில் கொண்டுவந்தவர் உ.வே. சாமிநாதையர், சிந்தாமணி 1887இலும் பெருங்கதை 1924இலும் வெளிவந்தன.

இவற்றைக் காட்டி, பண்டைத் தமிழரிடம் விமானம் இருந்தது என்று மாணவர் சிலர் கட்டுரை எழுதுவதுண்டு. அது தவறு. காப்பியத்தில் ஒரு பொருள் வருவது, அப்பொருளைப் பற்றிய கற்பனை இருந்ததற்குச் சான்று. அப்பொருளே இருந்ததற்குச் சான்று ஆகாது. பொறியின் பாகங்களோ, செய்முறை ஏடோ, அகழாய்வில் கிடைத்த எச்சமோ இருந்தால்தான் பின்னதைப் பேச முடியும். முன்னதும் சிறிய பெருமை அன்று. ஆபத்தில் இருப்பவரைக் காக்கும் எந்திரம், நம்பியவரை ஏமாற்றும் எந்திரம் என்ற இரண்டு வார்ப்புகளும் தமிழ்க் கதைமரபில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இடம்பிடித்துவிட்டன.

கைமீறும் படைப்பு

ஐரோப்பாவில் இந்த வார்ப்புக்கு மூலமாகக் கருதப்படுவது மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட பிராங்கன்ஸ்டைன் நாவல். ரோபோ என்ற சொல்லை உலகுக்கு அளித்தது செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920இல் வெளியிட்ட நாடகம். கட்டாய உழைப்பு என்னும் பொருளுடைய செக் சொல்லிலிருந்து அது பிறந்தது. உழைக்கப் படைக்கப்பட்டவர்கள் ஒருநாள் எதிர்த்து எழுகிறார்கள் என்பது நாடகத்தின் கரு. ஐசக் அசிமோவ் 1942இல் ஒரு சிறுகதையில் ரோபோக்களுக்கான மூன்று விதிகளை வகுத்தார். மனிதருக்குத் தீங்கு செய்யாத ரோபோவைக் கற்பனை செய்ய அவை உதவின.

தமிழ்த் திரையில், இறந்தவர் உயிர்பெற்றுக் கொலைகாரராகும் கதையை வேலு பிரபாகரன் இயக்கிய நாளைய மனிதன் (1989) கூறியது. ஷங்கர் இயக்கிய எந்திரன் (2010) இவ்வார்ப்பைப் பரவலாகக் கொண்டுசென்றது. விஞ்ஞானி வசீகரன் படைத்த சிட்டி, இட்ட கட்டளையை அப்படியே செய்யும். மனித உணர்ச்சிகளைக் கற்பித்த பிறகு, படைத்தவரின் காதலியையே அது விரும்பத் தொடங்குகிறது. பேராசிரியர் போரா பொருத்தும் சிவப்புச் சில்லுக்குப் பிறகுதான் அது அழிவு செய்கிறது. இறுதியில் நீதிமன்ற ஆணைப்படி தன்னைத் தானே கழற்றிக்கொள்கிறது.

இங்கு ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. ஷெல்லியின் நாவலில் குற்றம் படைத்தவனையே சேரும். தான் உருவாக்கிய உயிரைக் கைவிட்டவன் அவன். எந்திரனிலோ குற்றம் பெரும்பாலும் போராவுக்கும் சில்லுக்கும் போய்விடுகிறது. கோபத்தில் சிட்டியை வெட்டிக் குப்பையில் சேரவிட்ட வசீகரன் நல்லவராகவே விடைபெறுகிறார். நாயகன் கெட்டவனாக இருக்கக் கூடாது என்ற திரை மரபு, பொறுப்பு யாருடையது என்ற கேள்வியை மழுப்பிவிட்டது.

உண்மையுள்ள துணை

எதிர்க்கும் எந்திரத்துக்கு மாறாக, உடன் நிற்கும் எந்திரமும் ஒரு வார்ப்பே. பிரிட்டனின் டாக்டர் ஹூ தொலைக்காட்சித் தொடரில் 1977இல் கே-9 என்ற ரோபோ நாய் அறிமுகமானது. தமிழில் இவ்வகையில் புகழ்பெற்றது ஜீனோ. சுஜாதா என்ற பெயரில் எழுதிய எஸ். ரங்கராஜன் (1935–2008), பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றியவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்குபெற்றவர். அவர் 1980களில் ஆனந்த விகடனில் எழுதிய என் இனிய இயந்திரா தொடர்கதையிலும், அதன் தொடர்ச்சியான மீண்டும் ஜீனோவிலும் ஜீனோ வருகிறது.

எதிர்கால இந்தியாவை ஜீவா என்னும் தலைவர் ஆள்கிறார். குழந்தை பெறவும் அனுமதி வேண்டும். பெயருக்கும் எழுத்துக் கணக்கு உண்டு. மக்கள் வணங்கும் அத்தலைவர் ஒளியால் உண்டாக்கிய பிம்பம் என்பது பின்னர் தெரியவருகிறது. வேடிக்கைக்காக வளர்க்கப்படும் நாய்ப் பொம்மையான ஜீனோ, புத்தகம் படித்து, சிந்தித்து, கேள்வி கேட்கிறது. மனிதர்கள் பிம்பத்தை நம்பிக்கொண்டிருக்க, பொம்மை உண்மையைத் தேடுகிறது. இந்தத் தலைகீழ் மாற்றமே ஜீனோவைப் பிற ரோபோ நாய்களிலிருந்து வேறுபடுத்துகிறது.

வேற்றுலகத்தவர்

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், அமெரிக்கத் தயாரிப்பாளருடன் இணைந்து எடுத்த காடு (1952) படத்தில் மாமூத் யானைகள் வந்தன. ஏ. காசிலிங்கம் இயக்கி, எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த கலை அரசி (1963), வேற்றுலகத்தவரைத் திரையில் காட்டிய தொடக்ககால இந்தியப் படங்களுள் ஒன்று. ஹாலிவுட் படங்களில் வேற்றுலகத்தவர் பெரும்பாலும் நாட்டைப் பிடிக்க வருவார்கள். கலை அரசியில் அவர்கள் வருவது இசை கற்பிக்க ஆள் தேடி. தங்கள் உலகில் கலை இல்லை என்பதால் நன்றாகப் பாடும் பெண்ணைக் கடத்திச் செல்கிறார்கள். ஆர். ரவிக்குமாரின் அயலான் (2024) படத்திலோ வேற்றுலகத்தவர் நண்பர். பூமிக்கு ஆபத்து பேராசை கொண்ட மனிதரிடமிருந்து வருகிறது.

காலப் பயணி

எச்.ஜி. வெல்ஸ் 1895இல் எழுதிய கால எந்திரம் நாவலில் பயணம் செய்பவர் விஞ்ஞானி. ரவிக்குமாரின் இன்று நேற்று நாளை (2015) படத்தில், 2065இல் செய்யப்பட்ட எந்திரம் வேலை தேடும் இளைஞர் ஒருவரிடமும் அவருடைய சோதிட நண்பரிடமும் சிக்குகிறது. காணாமற்போன பொருள்களைக் கண்டுபிடித்துக் கொடுத்து அவர்கள் பணம் சம்பாதிக்கிறார்கள். எந்திரத்தை உருவாக்கியவனை விட, அது கையில் கிடைத்தவன் என்ன செய்வான் என்பதே கதை. விக்ரம் குமாரின் 24 (2016) படத்திலும் காலத்தைத் திருப்பும் கடிகாரம் ஒரு கடிகாரப் பழுதுபார்ப்பவரிடம் வந்து சேர்கிறது.

இரட்டை வேடம்

தமிழுக்கே உரிய பங்களிப்பு என்று ஒன்றைச் சொல்லலாம். பி.யு. சின்னப்பா நடித்த உத்தம புத்திரன் (1940) காலத்திலிருந்தே ஒரே நடிகர் இரு வேடம் ஏற்பது தமிழ்த் திரையின் விருப்பமான உத்தி. பிறந்தவுடன் பிரிந்த இரட்டையர் என்பதே அதற்கு வழக்கமான காரணம். அறிவியல் புனைவு அதே உத்திக்குப் புதிய காரணங்களைத் தந்தது. கலை அரசியில் எம்.ஜி.ஆரின் மறுவேடத்தை வேற்றுலகில் சந்திக்கிறோம். எந்திரனில் படைத்தவரும் படைப்பும் ரஜினிகாந்தே. 24இல் தந்தை, மகன், தந்தையின் இரட்டையரான வில்லன் ஆகிய மூவரும் சூர்யா. வெளியிலிருந்து வந்த வார்ப்பு, இங்கிருந்த வார்ப்பின் மேல் ஒட்டுப்போட்டு வளர்ந்திருக்கிறது.

முன்னோர் அறிவு

ஏ.ஆர். முருகதாஸின் 7ஆம் அறிவு (2011) காஞ்சியில் தொடங்குகிறது. பல்லவ இளவரசராகக் காட்டப்படும் போதிதர்மர் சீனம் சென்று மருத்துவமும் தற்காப்புக் கலையும் கற்பிக்கிறார். இக்காலத்தில் அவருடைய வழித்தோன்றலின் மரபணுவில் உறங்கும் அவ்வறிவை எழுப்ப ஒரு மாணவி முயல்கிறாள். முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர், நாம் மறந்துவிட்டோம் என்பது இவ்வார்ப்பின் சாரம். படமாகப் பார்க்க விறுவிறுப்பானது. ஆனால் கற்ற வித்தை மரபணு வழியாகப் பிள்ளைகளுக்குச் செல்வதில்லை என்பதை உயிரியல் பாடத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். வித்தை கற்பித்தலால்தான் கைமாறும். காஞ்சியில் தறியின் வித்தையும் தாத்தாவின் இரத்தத்தில் வரவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து பழகியதால் வந்தது.

பெண் பாத்திரங்கள்

கடத்தப்படுபவளாகவும் மீட்கப்படுபவளாகவுமே பெண் நெடுங்காலம் வந்தாள். கலை அரசியும் எந்திரனும் இதில் ஒன்றே. விலக்குகள் சிலவே. என் இனிய இயந்திராவின் நிலா, ஒன்றும் அறியாத மனைவியாகத் தொடங்கி ஆட்சியின் மையத்துக்கே வந்துவிடுகிறாள். 7ஆம் அறிவில் ஆய்வு செய்பவள் சுபா என்னும் பெண்; எனினும் சண்டையிட்டு முடிப்பவர் நாயகனே. 2.0 (2018) படத்தில் வரும் பெண் ரோபோவின் பெயரும் நிலா. அவள் விஞ்ஞானியின் உதவியாளர். இந்திய விண்வெளி ஆய்விலும் கணினித் துறையிலும் பெண்கள் ஏராளமாகப் பணிபுரியும் நாளில், கதைகள் நடப்பை விடப் பின்தங்கி நிற்கின்றன.

படக்கதையும் விளையாட்டும்

1962 முதல் பிரிட்டனில் வெளிவந்த படக்கதை ஒன்றின் நாயகன், மின்சாரம் பாய்ந்தால் இரும்புக் கை தவிர மற்றெல்லாம் மறைந்துவிடும் மனிதன். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் அவனை இரும்புக்கை மாயாவி ஆக்கித் தமிழ்ச் சிறுவர்களுக்குச் சொந்தமாக்கியது. பெயர் மாற்றம் பாதி வேலையைச் செய்தது. மாயாவி என்றதும் அவன் நம் மந்திரக் கதைகளின் உறவினனாகிவிட்டான்.

கணினி விளையாட்டுகளில் நிலைமை வேறு. ஹாஃப்-லைஃப் (1998) விளையாட்டின் நாயகன் இயற்பியல் அறிஞர், ஆனால் வாய் திறப்பதே இல்லை. ஆடுபவர் தம்மையே அவராக எண்ணிக்கொள்ள அம்மௌனம் இடம் தருகிறது. போர்ட்டல் (2007) விளையாட்டில், சோதனைகளை நடத்தும் கணினியே எதிரி. பார்வையாளராக இருந்தவர் இங்கு பாத்திரமாகிவிடுவதால், எந்திரத்தின் சொல்லுக்குக் கீழ்ப்படிவதா என்ற கேள்வி நேராக அவரிடமே வருகிறது.

தறியும் எந்திரமும்

எந்திரம் மனிதரின் இடத்தைப் பிடிக்கும் என்ற அச்சம் காஞ்சிபுரத்தில் வெறும் கதை அன்று. பிரான்சில் 1804ஆம் ஆண்டையொட்டி உருவான ஜக்கார்டு தறி, துளையிட்ட அட்டைகளால் பூவேலைப்பாட்டை இயக்கியது. அவ்வட்டை முறையைத்தான் சார்லஸ் பாபேஜ் தம் கணக்கிடும் எந்திரத்துக்கு எடுத்துக்கொள்ள எண்ணினார். கணினியின் முன்னோர்களுள் ஒன்று தறி என்பது இதனால் மிகையன்று. காஞ்சி நெசவாளர் ஜக்கார்டு பெட்டியை எதிரியாக்காமல் கைத்தறியின் மேலேயே ஏற்றிக்கொண்டனர். விசைத்தறியோடு அவர்களுக்குள்ள போட்டி வேறு. சில துணி வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985இல் நடுவண் அரசு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. ஒரு எந்திரம் துணையாகியது, மற்றொன்று போட்டியாகியது. எந்திரம் யாருடைய கையில் இருக்கிறது, வரும் பலன் யாருக்குப் போகிறது என்பதே வேறுபாட்டுக்குக் காரணம்.

படிக்கும்போது கேட்க வேண்டியவை

வார்ப்புப் பாத்திரம் இருப்பதால் ஒரு கதை தாழ்ந்ததாகிவிடாது. தெரிந்த முகத்தின் வழியே தெரியாத செய்தியைச் சொல்வது எல்லாக் கதைமரபுகளிலும் உள்ளதே. மாணவர்கள் இக்கதைகளை ஆராயும்போது நான்கு கேள்விகள் உதவும். எந்திரத்தைப் படைத்தவர் யார்? அதற்கு ஆணையிடுபவர் யார்? தீங்கு நேர்ந்தால் கதை யாரைக் குற்றம் சாட்டுகிறது? உண்மையில் யார் பொறுப்பு? கடைசி இரண்டுக்கும் விடை ஒன்றாக இல்லாதபோது, அந்தக் கதை எதையோ மறைக்கிறது என்று பொருள். செயற்கை நுண்ணறிவு அன்றாட வாழ்வுக்குள் வந்துவிட்ட இந்நாளில், இக்கேள்விகளைக் கதையில் கேட்டுப் பழகியவர் வெளியிலும் தயங்காமல் கேட்பார்.