பள்ளத்தாக்கின் கற்சாசனங்கள்

ரோமாபுரியின் இடிந்த அரங்குகளையும் புராதன தேவாலயங்களையும் காணக் கடல் கடந்து செல்லும் யாத்திரிகர், அந்நகரத்தார் மிளகுக்காகப் பொன்னோடு முசிறித் துறையை நாடி வருவதற்கு முன்பே, மேற்கு மலைத்தொடருக்குக் கிழக்கே நம் வைகைப் பள்ளத்தாக்கிலும் எழுத்தறிந்த மக்கள் வாழ்ந்திருந்தனர் என்பதை நினைப்பது அரிது. 2006ஆம் ஆண்டில் ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் கண்டெடுக்கப்பட்ட மூன்று நடுகற்கள் இதற்குச் சாட்சி. தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆநிரைப் போரில் உயிர் நீத்த அந்தவன் என்னும் வீரனை இன்றும் பெயர் சொல்லி நினைவூட்டுகிறது.

உத்தமபாளையத்துக்கு அருகே, திருக்குணகிரி எனப் பெயர் பெற்ற பாறையின் நெற்றியில், நாகம் படமெடுத்துக் குடை பிடிக்க நிற்கும் பார்சுவநாதரும், அவரோடு வரிசையாய்த் தியானத்தில் அமர்ந்த தீர்த்தங்கரர்களும், அருகே சமண முனிவர் அச்சணந்தியின் பெயர் தாங்கிய வட்டெழுத்தும், ஓராயிரம் ஆண்டு மழையையும் வெயிலையும் தாங்கி நிற்கின்றன. சின்னமனூர்ச் செப்பேடுகளோ, பாண்டியர் மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழாக்குவித்ததையும் உரைக்கின்றன.

இத்தகைய செல்வத்தைக் காணக் கப்பலேற வேண்டியதில்லை. அன்பர்களே, ஒருமுறை குழந்தைகளோடு திருக்குணகிரிப் பாறையடிக்குச் சென்று வாருங்கள். அதன்மேல் ஒரு கீறலும் விழாமல் காத்து நில்லுங்கள்.