சொடுக்குக்கு ஒரு விலை

சிறு விளம்பரத்துக்குச் சொற்களை எண்ணிக் காசு வாங்கிய காலத்துப் பத்திரிகைக்காரன் நான். அதை எவரேனும் வாசித்தனரா என்று நாம் கேட்டதில்லை. பாவம், கடைக்காரரும் கேட்டதில்லை.

1998 இல் கலிபோர்னியாவில் பில் குரோஸ் தொடங்கிய 'கோட்டூ' தேடுபொறி அக்கணக்கைப் புரட்டியது. தேடற்சொல்லுக்கு ஏலம், விளம்பரத்தைச் சொடுக்கினால் மட்டுமே கட்டணம். ஆயினும் கூடிய தொகை கேட்டவருக்கே முதலிடம்.

2002 பெப்ரவரியில் கூகிள் இம்முறையைக் கைக்கொண்டபோது, பார்த்தவருள் எத்தனை வீதமானோர் சொடுக்கினர் என்பதையும் ஏலத் தொகையுடன் பெருக்கியது. பொருத்தமாக விளம்பரம் எழுதிய சிறுகடை, குறைந்த தொகையிலும் பெருநிறுவனத்தை முந்த வழி பிறந்தது. காப்புரிமை வழக்கு 2004 இல் தீர்ந்தது. கோட்டூவை வாங்கியிருந்த யாகூவுக்குக் கூகிள் 27 இலட்சம் பங்குகளை அளித்தது.

அந்நாட்களில் நாங்கள் அச்சுத்தாளின் விலையேற்றம் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம்.