பத்து நொடிச் செல்வம்

இசைத்தட்டுப் பெட்டி இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ஓர் அனுபவம் நினைவிருக்கலாம். நிமிடத்திற்கு 33 சுற்றுச் சுழல வேண்டிய தட்டைத் தவறி 45 சுற்றில் வைத்துவிட்டால், வித்துவானின் கம்பீரக் குரல் கீச்சுக் குரலாகிவிடும். பிள்ளைகள் கைகொட்டிச் சிரிப்பார்கள். அந்தத் தவற்றையே நியூயார்க் நகரத்து இளைஞர்கள் சிலர் ஓர் உத்தியாக்கிக் கொண்டனர்.

அவர்கள் கையாண்ட கருவி, கலிபோர்னியாவின் ஈமு நிறுவனம் 1987-ஆம் ஆண்டு வெளியிட்ட எஸ்.பி. 1200. ஸாம்ப்ளர் என்னும் இனத்தைச் சேர்ந்தது. வெளியிலிருந்து ஓர் ஒலியைப் பதிந்து வைத்துக்கொண்டு, விசையைத் தட்டும்போதெல்லாம் அதையே திருப்பி ஒலிக்கும். நொடிக்கு 26,040 முறை ஒலியை அளந்து எண்ணாக்கும். ஆயினும் அதன் நினைவில் அடங்குவது மொத்தம் பத்து நொடி ஒலியே; ஒரு துண்டு இரண்டரை நொடிக்கு மேல் நீளலாகாது.

ஆகவே இதைப் பழகுவது முதலில் சிக்கனத்தைப் பழகுவதாக இருந்தது. தட்டின் மீது ஊசியை வைத்து, ஒலியின் மட்டத்தைச் சரிசெய்து, வேண்டிய இடம் வந்ததும் பதிய வேண்டும். முன்னும் பின்னும் உள்ள வெறுமையைச் செதுக்கி எறிய வேண்டும். பின்னர் எட்டு விசைகளில் ஒன்றில் அதனை அமர்த்தித் தாளமாகத் தட்ட வேண்டும். மின்சாரம் நின்றால் எல்லாம் அழிந்துபோகும். பிளாப்பித் தட்டில் சேமிக்க மறந்தவன் பாடு திண்டாட்டந்தான்.

இங்கேதான் 45 சுற்று உதவியது. வேகமாகச் சுழற்றிப் பதிந்தால் பதின்மூன்றரை நொடி இசை பத்து நொடியில் அடங்கும். பிறகு கருவியிலேயே சுருதியைத் தாழ்த்திப் பழைய வேகத்திற்குக் கொணர்வார்கள். நயம் குறைந்து ஒருவகைக் கரகரப்பு ஏறும். குறையென்று தள்ள வேண்டிய அந்தக் கரகரப்பையே கேட்டவர்கள் விரும்பினார்கள்!

அப்படிச் செதுக்கப்பட்ட ஒலிகளுள் ஒன்று க்ளைட் ஸ்டபிள்ஃபீல்டு என்பவரின் டிரம். ஜேம்ஸ் பிரவுன் குழுவினர் 1969 நவம்பரில் சின்சினாட்டியில் பதிந்த 'ஃபங்கி டிரம்மர்' பாட்டின் நடுவே, ஏனைய வாத்தியங்கள் ஓய, அவர் தனித்து வாசித்தது சுமார் இருபது நொடி. அதன் தாளவட்டம் ஒன்று ஏறத்தாழ 2.4 நொடி, கருவியின் வரம்புக்குள் கச்சிதமாக அடங்கிவிட்டது. எண்ணற்ற பாடல்களில் அது ஒலித்தது.

அனுமதியின்றிப் பிறர் இசையை எடுத்தாள்வது உரிமை மீறலே என்று நியூயார்க்கில் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று 1991 டிசம்பரில் வேறொரு வழக்கில் தீர்ப்பளித்தது. அதன்பின் உரிமையாளர்களைத் தேடிப் பணம் சென்றது. ஆனால் தாளத்தை வாசித்தவர் பாட்டின் ஆசிரியராகக் கருதப்படவில்லை. பாடல் பிரவுனின் பெயரிலேயே இருந்தது. பணம் இருக்கட்டும், வாசித்தவன் நான் என்று பெயரையாவது போட்டிருக்கலாம் என்பதே ஸ்டபிள்ஃபீல்டின் குறை. டென்னஸியில் பிறந்து விஸ்கான்ஸினில் குடியேறிய அவர், மாடிஸன் நகரில் பல ஆண்டுகள் திங்கட்கிழமை இரவுகளில் வாசித்துவந்தார். 2017-இல் அங்கேயே காலமானார்.